கோட்டைக்கும் கிணற்றுக்கும் நடுவே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து உன் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தின் சார்பில் அரசாங்கத்திடம் பேசுவதற்கென்றே ஒரு பதவியை உண்டாக்கி, அதில் நம் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று சித்திரை வீதியில் எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, உன் கடைசிப் பத்திக்கு வரும்வரை. புது நெல் விதையில் ஆராய்ச்சி செய்யும் உங்கள் பேராசிரியர், வருகிற சம்பாவுக்கே விதை தயாராகிவிடும் என்று ஒரு வரி எழுதித் தர மறுக்கிறார் என்கிறாய். அந்த வரி இல்லாமல் மந்திரி அலுவலகத்தில் மானியக் கோப்பு நகராது என்கிறாய். ‘நீ இத்தனை வருஷம் கோட்டைக்கு நடந்தவள். இந்த மாதிரி ஆட்களை எப்படியம்மா மசிய வைத்தாய்?’ என்று கேட்டிருக்கிறாய். விளையாட்டாகக் கேட்டதுபோல எழுதியிருந்தாலும் நீ பதறிப்போயிருக்கிறாய் என்று உன் கையெழுத்தே சொல்கிறது. பதறும்போது எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவது உன் சின்ன வயதுப் பழக்கம்.

நான் அப்படி ஒருத்தியை மசிய வைக்கப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அம்மா அடிக்கடி மெட்ராஸ் போகிறாள், வரும்போது தலைவலியோடு வருகிறாள் என்பதுதான் உனக்குத் தெரியும். ‘ஸ்கூல்ல எல்லாருக்கும் அவங்க அம்மா சாப்பாடு கட்டித் தராங்க, எனக்கு மட்டும் அப்பா கட்டித் தரார்’ என்று ஒருநாள் டிபன் பாக்ஸைத் தள்ளிவிட்டாய். அன்றைக்கும் எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

நான் அந்த வேலையைத் தேடிப் போகவில்லை. பெண்கள் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்திக்கொண்டிருந்தவள் நான். ஐம்பதுகளின் பின்பாதியில் எங்கள் பிரின்சிபாலுக்குக் கல்லூரியிலேயே ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைக்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது. அந்தக் காலத்தில் அதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆராய்ச்சி என்றால் பல்கலைக்கழகம், இல்லாவிட்டால் டெல்லி. திருச்சியில் ஒரு கல்லூரி, அதுவும் பெண்கள் கல்லூரி, பாடம் நடத்திப் பரீட்சைக்கு அனுப்பினால் போதும் என்பதுதான் எல்லோருடைய நினைப்பும். அரசாங்கத்தின் அனுமதியும் மானியமும் இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. யாராவது நேரில் போய்ப் பேசவேண்டும். உன் மாமா திருவல்லிக்கேணியில் குடியிருந்தார், எனக்குத் தங்க இடமிருந்தது. இங்கிலீஷும் தடுமாறாமல் பேசுவேன். அந்த இரண்டு காரணங்களுக்காக என்னை அனுப்பினார்கள்.

மெட்ராஸ் கோட்டையில், தலைமைச் செயலக வராந்தாவில், என் முதல் வருஷம் முழுதும் பெஞ்சில் கழிந்தது. சேகர், நீ இப்போது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டெலிபோனில் பேசுகிறாய். அன்றைக்கு ஒரு பெண் கையில் கோப்போடு அந்த வராந்தாவில் காத்திருந்தால், விதவைப் பென்ஷனுக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டு பரிதாபமாக வழி சொல்வார்கள். ‘துணைச் செயலாளரைப் பாக்கணும், கல்லூரி விஷயம்’ என்றால் நம்பமாட்டார்கள். அந்தத் துணைச் செயலாளர் கெட்டவர் இல்லை. மேஜை நிறையக் கோப்பு, மேலே மந்திரி, பக்கத்திலே நிதித் துறை என்று எல்லாப் பக்கமும் நெருக்கப்பட்ட மனிதர். பலமுறை போன பிறகு ஒருநாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அம்மா, நான் ஃபைலை மேல அனுப்பிடுவேன். நிதித் துறையில ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. அரசாங்க லேபரட்டரி இருக்கும்போது உங்க காலேஜ் என்ன புதுசா செய்யப் போகுதுன்னு. அதுக்கு எனக்கு ஒரு பதில் கொடுங்க” என்றார்.

என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதிலின் பெயர் ஜைனப்.

ஜைனப் எங்கள் கல்லூரியில் செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா பெரிய கடைவீதியில் குடை வியாபாரம் செய்தார். மெட்ராஸில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்தவள். தண்ணீரில் இருக்கும் கிருமிகளைப் பற்றியே எந்நேரமும் பேசுவாள். எங்கள் லேபுக்குப் பின்னால் உடைந்த சாமான்கள் போட்டுவைக்கும் அறையைக் கூட்டிப் பெருக்கி, அங்கே இரவல் வாங்கிய மைக்ராஸ்கோப்பையும் சோதனைக் குழாய்களையும் வைத்துக்கொண்டு ஊர்க் கிணற்றுத் தண்ணீரையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தாள். ஊதா நிறக் கரைசலில் தண்ணீரை விட்டு, உடம்புச் சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைப்பாள். தண்ணீரில் மனிதக் கழிவு கலந்திருந்தால் ஊதா மஞ்சளாக மாறும், குழாய்க்குள் குமிழ் கட்டும். சமயபுரத்தில் தேர்த் திருவிழாவுக்கு வரும் ஜனங்கள் குடிக்கிற கிணறுகளை அவள் அந்த வருஷம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சிக் கூடம் வந்தால் அவளுக்கு நிரந்தர வேலை. வராவிட்டால் வருஷக் கடைசியோடு வேலை போய்விடும். வேலை இல்லையென்றால் நிக்காஹ் பேசிவிடுவோம் என்று அவள் அத்தா சொல்லியிருந்தார்.

நான் துணைச் செயலாளரிடம் சமயபுரத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நல்லதாப் போச்சு. போன வருஷம் அங்க வயித்துப்போக்குன்னு சட்டசபையில கேள்வி வந்துது. இந்த வருஷம் கிணத்தையெல்லாம் தூர் வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு. உங்க பொண்ணு தண்ணிய டெஸ்ட் பண்ணி, குடிக்க நல்லா இருக்குன்னு திருவிழாவுக்கு முன்னாடி எழுதிக் கொடுக்கட்டும். திருச்சியில ஒரு பெண்கள் கல்லூரி அரசாங்கத்துக்கு உதவி பண்ணியிருக்குன்னு மந்திரி சட்டசபையில சொல்லுவார். அப்புறம் உங்க ஃபைலை யார் நிறுத்தப் போறாங்க?” என்றார். நான் கோட்டைப் படிகளில் பறந்து இறங்கினேன். ‘எழுதிக் கொடுக்கட்டும்’ என்றாரே, அப்படி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அந்த நிமிஷம் கேட்டிருக்கவேண்டும். கேட்கத் தோன்றவில்லை. நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பும் ஆசையில் இருந்தேன்.

பங்குனி பிறந்தது. ஜைனப் வாரத்துக்கு இரண்டு முறை பஸ்ஸில் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சமயபுரத்துக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து வந்தாள். எல்லாக் குழாய்களும் ஊதாவாகவே இருந்தன. பிரின்சிபால் அறையில் எங்களுக்குக் காபி வந்தது. அப்புறம் ஒரு மத்தியானம் கோடை மழை பிடித்தது. கல் விழுகிற மாதிரி ஒரே கொட்டாகக் கொட்டி ஓய்ந்தது. மறுநாள் எடுத்துவந்த தண்ணீரில், கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய விடுதியின் கிணற்றுக் குழாய்கள் மட்டும் மஞ்சளாகிவிட்டன. இன்னும் சில நாள் வெயில் அடித்ததும் அதே கிணறு மறுபடி ஊதாவுக்குத் திரும்பியது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஜைனப் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரியாயிடுச்சே, எழுதிடலாமா?” என்றேன்.

“என்னன்னு எழுத மிஸ்? மழை பெஞ்சா எங்கேருந்தோ அழுக்கு இறங்குது. எங்கேருந்துன்னு தெரியல. திருவிழா அன்னிக்கு மழை பெய்யுமான்னும் தெரியல. நல்ல தண்ணின்னு என்னால சொல்ல முடியாது. கெட்ட தண்ணின்னும் சொல்ல முடியாது. இன்னும் ஒரு மழைக்காலம் பாத்தாத்தான் தெரியும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. உன் பேராசிரியர்மேல் உனக்கு வந்திருக்கிறதே, அதே எரிச்சல். ஒரு மழைக்காலம் காத்திருக்க நிதித் துறை இருக்கிறதா? அவளிடம் எல்லா விதத்திலும் பேசிப் பார்த்தேன். கிணறு இன்றைக்கு நன்றாகத்தானே இருக்கிறது, இன்றைய நிலையை எழுதுவதில் என்ன பொய் என்றேன். உனக்கு வேலை போய்விடும் என்றேன். உனக்குப் பின்னால் வரப்போகிற பெண்களுக்கெல்லாம் கதவு சாத்திவிடுகிறாய் என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவள் கண் கலங்கியது. ஆனால் பேனாவைத் தொடவில்லை.

இந்த இடத்தில் உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதற்கு முந்தின வருஷம் உனக்கு அம்மை போட்டிருந்தது, நினைவிருக்கிறதா? நான் மெட்ராஸில் இருந்தபோது ஆரம்பித்துவிட்டது. திரும்பி வந்தவள் வாசலில் வேப்பிலையைப் பார்த்துத் திகைத்து நின்றேன். உடம்பு தேறினால் சமயபுரம் தேருக்குக் கூட்டிவந்து மாவிளக்குப் போடுகிறோம் என்று அப்பா வேண்டிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் உன்னை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்று, அந்தப் பெரிய விடுதியிலேயே அறையும் சொல்லிவைத்திருந்தார். துணைச் செயலாளர் திருச்சிக்கு நேரில் வந்து அறிக்கையை வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று தந்தி வந்தது. அவர் வருகிற அன்று காலையில் நான் திருவிழாவுக்கு எடுத்துப்போகச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பெரிய கூஜா இரண்டையும் தேய்த்துக் கவிழ்த்திருந்தேன். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டே அதைப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“காய்ச்சின தண்ணி எடுத்துட்டுப் போக. பையன் போன வருஷம்தான் படுத்து எழுந்தான்.”

“அங்க தண்ணி நல்லா இருக்குன்னு இன்னிக்கு எழுதிக் கொடுக்கப் போறீங்கன்னு சொன்னியே?”

அவர் குத்திக்காட்டிப் பேசுகிறவர் இல்லை, உனக்குத் தெரியும். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பொன்மலைக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் கூஜாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றேன். என் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாத தண்ணீரை ஊரார் பிள்ளைகளுக்கு நல்லது என்று எழுத ஒருத்தியை நான் நச்சரித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதிகாரிகள் வந்து தங்கும் டிராவலர்ஸ் பங்களாவில் கூட்டம். துணைச் செயலாளர், சுகாதாரத் துறையில் ஓர் அதிகாரி, எங்கள் பிரின்சிபால், நான், ஜைனப். அந்த விடுதிக்காரரையும் யாரோ வரவழைத்திருந்தார்கள். திருநீறு துலங்க, கையில் விசிறியோடு, யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்திருந்தார். துணைச் செயலாளர் ஜைனப்பிடம், “எங்கம்மா ரிப்போர்ட்?” என்றார். அவள் எழுந்து நின்று, மற்றக் கிணறுகள் இதுவரை நன்றாக இருக்கின்றன, பெரிய விடுதிக் கிணற்றைப் பற்றி மட்டும் தெரியவில்லை என்றாள்.

“தெரியலைன்னா? நல்லதா, கெட்டதா?”

“தெரியல சார்.”

“இதுக்கா நான் மெட்ராஸ்லேருந்து வந்தேன்?” அவர் குரல் உயரவில்லை. விடுதிக்காரர் விசிறியை மடக்கி மேஜையில் தட்டினார். “என் தாத்தா வெட்டின கிணறு. அம்மன் காலடியில இருக்கற தண்ணி. நேத்து வந்த பொண்ணு பாட்டில்ல எடுத்துட்டுப் போயி சந்தேகப்படுதாம். யாரு எவருன்னுகூடப் பாக்கலையா நீங்க?” என்றார். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் விளங்கியது. ஜைனப் தலை குனியவில்லை.

துணைச் செயலாளர் என் பக்கம் திரும்பினார். “நீங்களும் சயின்ஸ் லெக்சரர்தானே? கெமிஸ்ட்ரிதானே? டெஸ்டெல்லாம் உங்க லேப்ல நடந்ததுதான். நீங்க கையெழுத்துப் போடுங்க, போதும்.” சொல்லிவிட்டுத் தன் பேனாவைக் கழற்றி என் முன்னால் வைத்தார். பிரின்சிபால் என்னைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. சேகர், ஒரு கட்டடம் முழுவதும் அந்தப் பேனாவுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஜைனப்பின் வேலையும் நின்றது. பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த நாட்களெல்லாம் நின்றன.

“நாங்க குடும்பத்தோட தேருக்குப் போறோம் சார், இவர் லாட்ஜுலதான் தங்கப் போறோம். என் பையனுக்குக் காய்ச்சின தண்ணி வீட்டிலேருந்து கொண்டு போறேன். அப்படிச் செஞ்சுட்டு இதுல கையெழுத்துப் போட எனக்குக் கை வரல” என்றேன்.

 எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். சுகாதார அதிகாரி, சந்தேகம் வந்துவிட்டது என்று எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகு கிணற்றை மூடாமல் இருக்கத் தன்னால் முடியாது என்றார். மூடினால் கோர்ட்டுக்குப் போவேன் என்றார் விடுதிக்காரர். தெரியாது என்ற பேச்சை நம்பி மூடினால் மந்திரிக்கு யார் பதில் சொல்வது என்றார் துணைச் செயலாளர். நான் விடுதிக்காரரையே கவனித்துக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான், நீயும் பழகிக்கொள்: எதிரே இருப்பவர் போடும் சத்தத்தை விட்டுவிட்டு, அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று பார்க்கவேண்டும். அவருக்கு வருமானம் போய்விடும் என்ற பயம் இல்லை. திருவிழாக் கூட்டத்தின் நடுவே தன் கிணற்றுக்கு அதிகாரிகள் பலகை அடித்துவிட்டால், ஜனங்களுக்கு விஷத் தண்ணீர் கொடுத்த குடும்பம் என்று பெயர் வந்துவிடுமே என்றுதான் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஐயா, யாரும் உங்க கிணத்தை மூட வேணாம். நீங்களே இந்த வருஷம் அதைக் குளிக்கறதுக்குன்னு விட்டுடுங்க. வாசல்ல உங்க தாத்தா பேருல ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுங்க. மத்தக் கிணத்துத் தண்ணி எடுத்து, காய்ச்சி, சீரகம் போட்டு வர்றவங்களுக்கெல்லாம் கொடுங்க. அதைக் குடிச்சவங்க உங்க கிணத்தைப் பத்தி ஏன் கேக்கப் போறாங்க?” என்றேன்.

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. ஜைனப்பை ஒரு பார்வை பார்த்தார். “விறகு யாரு கொடுப்பா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும் அவர் இறங்கிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. விறகுக்குச் சுகாதார அதிகாரி பொறுப்பேற்றார். துணைச் செயலாளர் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை கூடப் போனேன். “பந்தலை மந்திரி சட்டசபையில சொல்ல முடியாதும்மா” என்றார். அதோடு ஜீப் கிளம்பிவிட்டது.

திருவிழா நடந்தது. பந்தலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. மழை பெய்யவில்லை. யாருக்கும் எதுவும் வரவில்லை. இதைத்தான் நீ நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எதுவும் வராததால் யாரும் எங்களுக்கு நன்றி சொல்லவில்லை. பாத்தீங்களா, தண்ணி நல்லாத்தானே இருந்துது, வீணா ரெண்டு பொம்பளைங்க கலாட்டா பண்ணினாங்க என்றுதான் பேச்சு வந்தது. கோப்பு கோட்டையில் அசையாமல் கிடந்தது. கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது ஜைனப்புக்கு வேலை இல்லை. அவள் தன் குழாய்களைக் கழுவி அடுக்கி வைத்துவிட்டுப் போன அன்று நான் வகுப்பில் இருந்தேன். விடைபெற்றுக்கொள்ள வந்தாளாம், காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாளாம். என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போயிருப்பாள் என்று நினைத்து வெகுநாள் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. அந்த மழைக்காலத்தில் வகுப்பு முடிந்ததும் நானே சமயபுரம் போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கிணறு மஞ்சளாகியது. விடுதியின் கழிவுத் தொட்டியில் விரிசல் இருந்ததைக் கண்டுபிடித்து, விடுதிக்காரர் தானே பூசிவிட்டார். அதைப் பற்றியும் வெளியே யாரும் பேசவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பிரின்சிபால் அறைக்கு மெட்ராஸிலிருந்து ட்ரங்க் கால் வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். அதே துணைச் செயலாளர். இப்போது வேறு துறையில், இன்னும் பெரிய பதவியில் இருந்தார், ஆனால் என் வாயில் வருவது பழைய பதவிப் பெயர்தான். காவிரிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் காய்ச்சலும் கழிச்சலுமாக ஜனங்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். ஊரில் இரண்டு குளம், ஏழெட்டுக் கிணறு. எதை மூடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மூடப்போய், ஜனங்கள் பூட்டை உடைத்துவிட்டார்கள். “அந்தப் பொண்ணு எங்கம்மா? தெரியலைன்னு சொல்லிச்சே, அந்தப் பொண்ணு?” என்று கேட்டார்.

பழைய டவுனில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். ஜைனப்புக்குக் கல்யாணமாகி, பக்கத்துப் பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மடியில் கைக்குழந்தை. விஷயத்தைச் சொன்னதும் அவள் கணவர், “காய்ச்சல் ஊருக்கா? கைப்பிள்ளைய வச்சுக்கிட்டா?” என்று எழுந்துவிட்டார். எனக்கோ வழியெல்லாம் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவளைத் தனியே அழைத்து, “ஜைனப், இப்ப அவருக்கு நம்ம தயவு வேணும். முதல்ல லேபுக்கு ஆர்டர் போடுங்க, அப்புறம் வரோம்னு சொல்லிடறேன். இதை விட்டா சந்தர்ப்பம் வராது” என்றேன். இத்தனை வருஷக் கோட்டைப் பழக்கம் அப்படிப் பேச வைத்தது.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. “அங்க பிள்ளைங்க விழுந்துட்டிருக்கு மிஸ்” என்று மட்டும் சொன்னாள். அப்புறம் கணவர் பக்கம் திரும்பி, “பிள்ளையை அம்மாகிட்ட விட்டுட்டுப் போறேன். ரெண்டு நாள்ல வந்துடுவேங்க. நான் போகலைன்னா தினம் பேப்பர்ல அந்த ஊர் பேரைத் தேடிட்டு இருப்பேன், உங்களுக்கும் நிம்மதியில்ல” என்றாள்.  கடைசியில் அவர் உள்ளே போய், பரண்மேல் இருந்த அவளுடைய பழைய சோதனைக் குழாய்ப் பெட்டியை இறக்கித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். கல்லூரியில் கழுவி அடுக்கி வைத்தது போகச் சில குழாய்களை அவள் தன்னோடு எடுத்துப் போயிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஊரில் இரண்டு நாளும் நாங்கள் ஜீப்பில் வந்திறங்கிய பெண்களாக, ஒவ்வொரு வாசலிலும் முறைக்கப்பட்டுக்கொண்டு நடந்தோம். ஜைனப் ஒவ்வொரு தண்ணீருக்கும் தனித்தனியாகக் குழாய் வைத்தாள். ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வந்து உட்கார்ந்து, எப்போது சொல்வாய், எப்போது சொல்வாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் ‘இன்னும் தெரியல’ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் ஒரு குழந்தை போயிருந்தது. நான் குறுக்கே போய் நின்றேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஜைனப் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மறுபடி பார்த்து, வெளியே வந்தாள். துணைச் செயலாளரும் அப்போது வந்து சேர்ந்திருந்தார்.

“கிழக்குக் குளம். அதை மட்டும் இன்னிக்கே மூடணும். மத்ததைத் திறந்து விடலாம்” என்றாள்.

“கிழக்குக் குளம்தானே ஊருக்கே நல்ல தண்ணி. இந்தம்மா சொல்லிட்டா ஆச்சா?” என்று பெரியவர்களில் ஒருவர் கத்தினார். கூட்டம் அவரோடு சேர்ந்துகொண்டது. துணைச் செயலாளர் அவளிடம் அறிக்கை கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, “இந்தம்மா தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றவங்க. அதனால எனக்கு ஒரு தடவை மந்திரிகிட்ட திட்டு விழுந்துருக்கு. இவங்க தெரியும்னு சொன்னா நான் ரெண்டாவது வார்த்தை கேக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தாசில்தாரைக் கூப்பிட்டார். இருட்டுவதற்குள் குளத்துக்கு முள்வேலி போட்டார்கள். அந்த வாரத்தோடு புதிதாக யாரும் படுக்கவில்லை.

ஆராய்ச்சிக் கூடத்துக்கு உத்தரவு அந்த வருஷமே வந்தது. ஜைனப் இப்போது அங்கேதான் இருக்கிறாள். மழை பெய்தால் இன்றைக்கும் சமயபுரம் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறாள்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில், அவளை நான் மசிய வைக்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. நாளைக்கே உன் பேராசிரியரைப் போய்ப் பார். அந்த வரி வேண்டாம் என்று நீயே முதலில் சொல்லிவிடு. அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, தெரிந்துகொள்ள எத்தனை போகம் வேண்டும் என்று கேட்டு, அதையே மந்திரி அலுவலகத்தில் சொல். கோப்பு நகராது. திட்டுவார்கள். வந்த புதிதிலேயே காரியம் தெரியாதவன் என்ற பெயரும் உனக்கு வரலாம். பல்கலைக்கழகத்தில் வேறு யாரையாவது அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் வைப்பார்கள். அப்படி நடக்காது என்று நான் உனக்கு உறுதி சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் உன் பேச்சை நம்பி ஒரு விவசாயி தன் நிலம் முழுவதும் அந்த விதையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்துவிட்டுப் போ.

உடம்பைப் பார்த்துக்கொள். மெட்ராஸ் வெயிலில் பட்டினியாக அலையாதே, எங்கே காத்திருக்க வேண்டியிருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போ. உன் அப்பா இன்னும் தெருவில்தான் இருக்கிறார், உன் பதவியைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார். குரல் இங்கே வரை கேட்கிறது.

உன் அம்மா